முந்தலில் தொடங்கும் மூட்டம்

நவம்பர் 16, வியாழன்

இந்த வருடம் மூட்டம் முந்தலிலேயே தொடங்கிவிட்டது. மலையடிவாரத்தில், சோதனைச்சாவடியைத் தாண்டிய உடனேயே. முப்பத்தொரு வருடம் அரசு பஸ்ஸில் இதே போடிமெட்டுப் பாதையில் ஏறி இறங்கியவன் நான். எட்டாவது கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே நவம்பரில் மூட்டத்தைப் பார்த்ததில்லை. காலம் கெட்டுப்போனால் மேகத்துக்கும் புத்தி கெட்டுவிடும் போல.

மற்ற ஜீப்காரர்களுக்கு இது உறைக்கவே இல்லை. பட்டியிலிருந்து ஆட்டைத் திறந்துவிட்ட மாதிரி ஏறுகிறார்கள். நான் நிதானமாகப் போனால் பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். இவர்களில் ஒருவனுக்காவது ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு, எதிரே லாரி வந்து நிற்கும்போது, வளைவில் பின்னுக்கு எடுக்கத் தெரியுமா? களத்துமேட்டில் டிராக்டர் ஓட்டிப் பழகியவனுக்கு மலைரோட்டைக் கொடுத்தால் இப்படித்தான்.

இன்று பதின்மூன்று பொம்பளைகள். ஏலக்காய் பறிப்பு மும்முரம். ஐந்தரைக்குப் போடியில் ஏற்றி, ஏழரைக்கு மெட்டுக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்டில் இறக்கினேன். மற்றவர்கள் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடுகிறார்களாம். போகட்டும். எங்கள் எஸ்டேட்டுக்குக் கடைசி நாலு கிலோமீட்டர் வெறும் கல் தடம். ஃபோர் வீல் கியர் போட்டு அதில் ஏறுகிற ஜீப் என்னுடையது ஒன்றுதான்.

ஹெட்லைட் போதவில்லை. ஃபாக் லைட் மாட்ட வேண்டும்.

நவம்பர் 17, வெள்ளி

சாயங்காலம் கமருதீன் கடைக்குப் போனேன். போடியில் வண்டிகளுக்கு வயரிங் வேலை செய்கிறவர்களில் இவன்தான் தேவலை என்கிறார்கள். அப்படியென்றால் மற்றவர்கள் எப்படி இருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ள வேண்டியதுதான்.

“பாக் லைட்டா? இன்னும் மேலேயே மூட்டம் சரியா எறங்கலியேண்ணே. மார்கழி பொறக்கட்டும்” என்றான்.

“நீ மெட்டைப் பாத்து எத்தனை வருசம் ஆச்சு?”

“அது ஆச்சு, நாலஞ்சு வருசம்.”

“அப்பப் பேசாத.”

நான் வெள்ளை விளக்குக் கேட்டேன். நவநீதன் என்று ஒருவன் இருக்கிறான். கீழ் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றுகிறவன். அவன் ஜீப்பின் நெற்றியில் வெள்ளை எல்இடி பட்டை ஒன்றைக் கட்டிவைத்திருக்கிறான், கல்யாண மண்டப வாசல் மாதிரி. எனக்கு அந்த ஜோடனை வேண்டாம். வெளிச்சம் மட்டும் வேண்டும் என்றேன்.

அதற்குக் கமருதீன் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டான். வெள்ளை வெளிச்சம் மூட்டத்தில் பட்டுத் திரும்பி நம் கண்ணுக்கே வருமாம். மஞ்சள்தான் சரியாம். நெற்றியில் வைக்கக் கூடாதாம், பம்பருக்குக் கீழே வைக்க வேண்டுமாம். மூட்டம் தரையோடு ஒட்டாதாம், அடியில் கொஞ்சம் இடைவெளி இருக்குமாம், அதற்குள் வெளிச்சத்தை விட வேண்டுமாம். மூட்டத்தை வீட்டில் வளர்க்கிறவன் மாதிரிப் பேசினான்.

சரி, மஞ்சளே போடு என்று சொல்லிவிட்டேன். அவனோடு வாதாட எனக்கு நேரமில்லை.

நவம்பர் 18, சனி

பேப்பரில் எழுத்து வரவர மங்கல். மையை மிச்சம் பிடிக்கிறான்கள். வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

நவம்பர் 19, ஞாயிறு

காலையிலிருந்து கமருதீன் கடையில். பம்பரில் துளை போட்டு இரும்புப் பட்டை வைத்து இரண்டு விளக்கையும் பொருத்தினான். பேட்டரியிலிருந்து தனியாகத் தடித்த வயர், நடுவில் பியூஸ், ஒரு ரிலே. “ஹெட்லைட் வயர்லயே முறுக்கிவிட்டுட்டுப் போயிருவாய்ங்க சில பேரு. ஒரு நா வயரு உருகி வண்டியே எரிஞ்சு போகும்” என்றான். தன் வேலையைத் தானே மெச்சிக்கொள்ளும் வியாதி. ஸ்விட்சை ஸ்டியரிங்குக்கு இடதுபுறம் வைத்தான். வலதுபுறம் கேட்டிருந்தேன்.

கடைக்குள் எதிர்ச்சுவரிலிருந்து இருபத்தைந்து அடி தள்ளி வண்டியை நிறுத்தி, படுதாவை இறக்கி இருட்டாக்கி, விளக்கைப் போட்டான். வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்துக்குக் கீழே விழ வேண்டும் என்று சுண்ணாம்பால் கோடு போட்டு ஸ்பேனரால் சாய்த்துக்கொண்டே இருந்தான்.

“பாருங்கண்ணே. வெட்டுன மாதிரி விழுகுது.”

எனக்கு அப்படித் தெரியவில்லை. விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாக வண்ணம், மழைநாளில் நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டுமே, அந்த மாதிரி. மட்டமான சரக்கு. கண்ணாடியில் எண்ணெய்க் கை வைத்திருக்கிறாய், துடை என்றேன்.

துடைத்தான். மறுபடி வட்டம். மறுபடி துடைக்கச் சொன்னேன். அவன் துணியைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான்.

“என்னடா?”

“ஒண்ணுமில்லண்ணே. மதினி நல்லாயிருக்காகளா?”

வேலை நேரத்தில் குடும்ப விசாரிப்பு. இவர்களுக்குத் தொழில் புத்தியே கிடையாது.

நவம்பர் 20, திங்கள்

ஃபாக் லைட் தண்டம். முந்தலிலிருந்து மெட்டு வரை போட்டுக்கொண்டே போனேன். பால் கலக்கிய தண்ணீருக்குள் மஞ்சள் பொடி தூவின மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்று புதுத் தொல்லை ஒன்று. ஒச்சம்மா என்று பறிப்பு ஆட்களுக்கு ஒரு கங்காணி இருக்கிறாள். இவ்வளவு நாள் பின்னால்தான் உட்கார்வாள். இன்று, “பின்னாடி குலுக்குதுண்ணே, இடுப்பு வலி” என்று முன்சீட்டில் ஏறிவிட்டாள். ஏறினவள் வாயை மூடவில்லை.

“லாரி ஒண்ணு எறங்குதுண்ணே... ஓரங்கட்டிக்கிருங்க... இந்தா வலத வளவு... கல்லு கெடக்கு கல்லு...”

முப்பத்தொரு வருடத்தில் எனக்கு இருபது கண்டக்டர்கள் இருந்திருக்கிறார்கள். ஒருவனும் எனக்கு வழி சொன்னதில்லை. ஸ்டியரிங்கைத் தொட்டுக்கூடப் பார்க்காதவள் சொல்கிறாள்.

“இந்த மூட்டத்துல பேச்சுக் குடுக்காத” என்றேன்.

“சரிண்ணே. வலத வளவு” என்றாள்.

நவம்பர் 22, புதன்

கமருதீன் விளக்கைத் தரையைப் பார்த்து வைத்ததுதான் கோளாறு. கோழிக்குத் தீனி தேடவா விளக்கு? மேலே தூக்கி வை என்று சொல்லப் போனேன். மாட்டேன் என்றுவிட்டான்.

“எதுக்க வர்றவன் கண்ணுல அடிக்கும்ணே. அவன் உங்க மேல வந்து விட்டான்னா? நான் செய்ய மாட்டேன்.”

“வண்டி என்னுது.”

“ரோடு எல்லாருக்குந்தேன?”

வீட்டுக்கு வந்து நானே ஸ்பேனரை எடுத்து இரண்டு விளக்கையும் நிமிர்த்தினேன். போல்ட்டைத் தேடுவதற்குத்தான் அரைமணி நேரம் ஆனது. வாசல் பல்பை மாற்றச் சொல்லி எத்தனை நாளாகச் சொல்கிறேன். பஞ்சவர்ணம் மாற்றியாயிற்று என்கிறாள். முப்பத்தாறு வருடம் குடித்தனம் நடத்தியும் இவளுக்கு வாட் கணக்குப் புரியவில்லை.

நவம்பர் 23, வியாழன்

பதினொன்றாவது வளைவில் எதிரே வந்த நவநீதன் வண்டியைக் குறுக்கே நிறுத்தி இறங்கி வந்துவிட்டான்.

“என்னண்ணே இது! கண்ணு அவிஞ்சு போச்சு. இன்னும் ரெண்டடி வந்திருந்தா நான் பள்ளத்துல கெடப்பேன். எதுக்கு பாக் லைட்டப் போட்டு வாரீக?”

“மூட்டத்துக்குத்தான்.”

“எங்கண்ணே மூட்டம்?”

அவன் வயது இருபத்தாறு. அவனுக்கு மூட்டம் எது, டீக்கடைப் புகை எது என்று தெரியாது. முதலில் உன் நெற்றிப் பட்டையைக் கழற்று, அப்புறம் நான் கழற்றுகிறேன் என்றேன். ஒச்சம்மா நடுவில் புகுந்து, “நீ போ தம்பி, நான் பாத்துக்கிறேன்” என்றாள். இவள் என்ன பார்த்துக்கொள்வது?

போகிறபோது அவன், “ஒரு தடவ கண் டாக்டரப் பாருங்கண்ணே” என்றான்.

மூன்று மாதம் முன்புதான் லைசென்ஸ் புதுப்பிக்க டாக்டரிடம் சான்றிதழ் வாங்கினேன். சுவரில் மாட்டியிருந்த பலகையில் எல்லா வரியையும் தடங்கலில்லாமல் சொன்னேன். டிப்போவில் சேர்ந்த வருடத்திலிருந்து அதே பலகைதான், எழுத்தெல்லாம் மனப்பாடம். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

நவம்பர் 26, ஞாயிறு

வண்டி கழுவினேன். டீசல் பில்டர் மாற்றினேன். கறி எடுத்துவந்தேன். பஞ்சவர்ணம் தட்டில் எலும்பை எல்லாம் தனியாக எடுத்துவிட்டுக் கொடுக்கிறாள், பிள்ளைக்குக் கொடுக்கிற மாதிரி. ஏன் என்று கேட்டால், “சும்மாதேன்” என்கிறாள். வயதானால் பெண்களுக்கு வேலை தேடி வரும்.

நவம்பர் 29, புதன்

நாலு பேர் நின்றுவிட்டார்கள். கீழ் எஸ்டேட்டில் வேலை கிடைத்ததாம். நவநீதன் வண்டியில் போகிறார்களாம். அந்த வண்டியில் பதினெட்டுப் பேரைப் புளிமூட்டை மாதிரி அடைக்கிறான். அதில் போகிறேன் என்கிறவர்களுக்கு நான் என்ன சொல்ல? விசுவாசம் என்பது இந்தக் கூட்டத்துக்கு வெற்றிலையோடு துப்புகிற சமாச்சாரம்.

ஒன்பது பேர் மிச்சம். எனக்கு அதுவே போதும்.

டிசம்பர் 2, சனி

மழை. பறிப்பு இல்லை. நாளெல்லாம் தூக்கம்.

டிசம்பர் 5, செவ்வாய்

ஒச்சம்மாவின் தொண்டை கட்டிவிட்டது. வழி சொல்லியே கட்டியிருக்கும். ஆனாலும் விடவில்லை. வாய் வராவிட்டால் என் முழங்கையைத் தொடுகிறாள்: ஒரு தட்டு வலது, இரண்டு தட்டு இடது. இதை யாரோடு எப்போது முடிவு செய்தாள்? நான் ஒப்புக்கொண்டதாக ஞாபகமில்லை.

கையைத் தட்டிவிடலாம் என்று நினைத்தேன். பன்னிரண்டாவது வளைவில் இருந்தோம். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

டிசம்பர் 8, வெள்ளி

கமருதீனிடம் போய் இன்னும் ஒரு ஜோடி வேண்டும் என்றேன். “இருக்கிற வெளக்கே அந்த வண்டிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் தூரத்துக்குப் பத்தும்ணே” என்று நக்கலடித்தான். அப்புறம் முகம் மாறி, ஸ்டூலை இழுத்துப் போட்டு, “உக்காருங்க. ஒண்ணு சொல்லணும்” என்றான்.

நான் உட்காரவில்லை. வயரிங்காரனிடம் உட்கார்ந்து கேட்கிற அளவுக்கு எனக்கு ஒன்றும் வந்துவிடவில்லை.

டிசம்பர் 11, திங்கள்

எஸ்டேட் போய்ச் சேர எட்டே முக்கால் ஆகிவிட்டது. அங்கே கணக்கு எழுதுகிற ரைட்டர் வாசலில் நின்று கத்தினான். பொம்பளைகளுக்கு அரைநாள் கூலிதான் என்றான். ஒருத்தியும் என்னைக் குறை சொல்லவில்லை. எனக்கு அதுதான் எரிச்சலாக இருந்தது. திட்டினால் பதில் சொல்லலாம்.

டிசம்பர் 13, புதன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சாயங்காலத்திலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். எழுதிவிடுகிறேன்.

ஒச்சம்மாவுக்குக் காய்ச்சல், வரவில்லை. ஐந்தேகாலுக்கு வண்டியைக் கிளப்பினால் முன்சீட்டில் பஞ்சவர்ணம் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். கையில் தூக்குவாளி, தோளில் என் பழைய ஸ்வெட்டர்.

“எங்க கெளம்பிட்ட?”

“எஸ்டேட்டப் பாக்கணும்டு ரொம்ப நாளா ஆச. இன்னைக்கு வாரேன்.”

கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் மலை என்றாலே வாந்தி எடுக்கிறவள். பஸ்ஸில் ஒருமுறை கூட்டிப் போனதற்கே இரண்டு நாள் படுத்திருந்தாள். ஆசையாம். எட்டுப் பேர் ஏறுவதற்குக் காத்திருந்தார்கள், அதனால் சண்டை போடவில்லை.

முந்தல் தாண்டியதும் அவளும் ஆரம்பித்துவிட்டாள். ஒச்சம்மா மாதிரியே, அதே வார்த்தைகள். “லாரி ஒண்ணு வருதுங்க. ஓரங்கட்டுங்க.” யாரோ சொல்லிக்கொடுத்து மனப்பாடம் பண்ணின மாதிரி. ஆனால் இவளுக்குப் பாதை தெரியாது. வளைவுக்குள் போன பிறகு வளைவு என்கிறாள். இடது என்று சொல்லிவிட்டு, “இல்ல இல்ல, இங்கிட்டு” என்று கையைக் காட்டுகிறாள். காட்டுகிற கை எனக்கு எப்படித் தெரியும்?

ஒன்பதாவது வளைவு தாண்டி, பஞ்சவர்ணம் சட்டென்று என் தொடையைப் பிடித்தாள்.

“என்னங்க, மூட்டம். மூட்டம் வந்துருச்சு. எனக்கு ஒண்ணுமே தெரியலங்க.”

பின்னால் ஒருத்தி, “யாத்தே, இந்த வருசம் மொத மூட்டம்” என்றாள்.

நான் முன்னால் பார்த்தேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

முந்தலில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. நேற்று எப்படி இருந்ததோ அப்படியே. நான் ஒரு மாதமாக எதற்கு விளக்கு மாட்டினேனோ, நிமிர்த்தினேனோ, எல்லோரையும் ஏசினேனோ, அது இன்றைக்குத்தான் வந்திருக்கிறது. வந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

பிரேக்கை மிதித்தேன். கியரைப் போட்டு, கைபிரேக்கை இழுத்து, இன்ஜினை அணைத்தேன். நான் எழுந்து பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து சொன்னேன்:

“எனக்குக் கண்ணு தெரியலம்மா.”

பின்னாலிருந்து யாரோ ஒருத்தி, வயதான குரல், “தெரியும்ணே” என்றாள்.

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. வராத ஒச்சம்மாவையும் சேர்த்து ஒன்பது பேருக்கும். அவர்கள் அதைச் சொல்லிவிட்டு, இறங்கி, டயருக்குக் கல் வைத்தார்கள். பஞ்சவர்ணம் ரோட்டோரம் போய் வாந்தி எடுத்தாள்.

கால் மணி நேரத்தில் நவநீதன் பின்னால் வந்து நின்றான். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பஞ்சவர்ணத்திடம்தான் பேசினான். “இருங்க மதினி, என் வண்டி ஆளுகள மெட்டுல எறக்கிவிட்டுட்டு வந்துர்றேன்” என்று போனான். போனவன் தன் ஜீப்பை மெட்டில் போட்டுவிட்டு, இறங்கி வந்த ஒரு காய்கறி லாரியில் தொற்றிக்கொண்டு வந்தான். நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். அவ்வளவு நேரமும் நான் சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தேன்.

அவன் வந்ததும் முதல் வேலையாக ஸ்பேனரை எடுத்து முன்னால் குனிந்து இரண்டு ஃபாக் லைட்டையும் கீழே சாய்த்தான். ஹெட்லைட்டை அணைத்துவிட்டு அதை மட்டும் போட்டான்.

“அட, ரோட்டு ஓரத்து வெள்ளக் கோடு தெரியுதே!” என்றார்கள் பொம்பளைகள்.

விளக்கில் குறை இல்லை. எழுதிவிட்டேன்.

நான் பின்னால் அவர்களோடு உட்கார்ந்து போனேன். இந்த ஜீப் வாங்கி ஆறு வருடத்தில் பின்னால் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. அவர்கள் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தார்கள், யார் வீட்டு மாடு, யார் மகளுக்கு வளைகாப்பு என்று. ஆனால் ஒவ்வொரு வளைவு வரும்போதும் பேச்சு நின்றது. எல்லோரும் ஒரே நேரத்தில் மேல் கம்பியைப் பிடித்தார்கள். வளையல் சத்தம் கேட்டது. வளைவு முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து பேசினார்கள். ஓட்டுகிறவன் நவநீதன். அவனுக்குக் கண் தெரியும். அது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் பழக்கம் போகவில்லை.

டிசம்பர் 14, வியாழன்

வண்டி எடுக்கவில்லை.

டிசம்பர் 15, வெள்ளி

பஞ்சவர்ணத்திடம் கேட்டேன்.

கமருதீன்தான் முதலில் வீட்டுக்கு வந்து சொன்னானாம், லைட் மாட்டின அன்று சாயங்காலமே. அவள் அன்றைக்கே போய் ஒச்சம்மாவிடம் பேசி, முன்சீட்டில் உட்காரச் சொல்லியிருக்கிறாள்.

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னேன். மூணு தடவ சொன்னேன். மூணு தடவையும் தட்டத் தூக்கி எறிஞ்சீக.”

உண்மைதான். அதை நான் இங்கே எழுதவில்லை.

“அந்தப் பொம்பளைக ஏன் ஏறுனாளுக? தெரிஞ்சுக்கிட்டே?”

“உங்க வண்டிய விட்டா அந்த எஸ்டேட்டுக்கு வேற வண்டி ஏறுமா? வேலைக்குப் போகாட்டி அவளுக சாப்பாட்டுக்கு எங்க போவாளுக? ஒச்சம்மா சொன்னா, ‘பறிப்பு முடியிற மட்டும் நான் அவருக்குக் கண்ணா இருந்துக்கிறேன் மதினி’ண்டு. எனக்கு அன்னியிலருந்து தூக்கமே இல்ல. நீங்க கெளம்புனா, வண்டி திரும்பி வர்ற மட்டும் சாமி படத்துக்கு முன்னாடியே உக்காந்திருப்பேன்.”

நான் என்மேல் விசுவாசம் என்று நினைத்திருந்தேன். அவர்களுக்கு வேறு வழியில்லை.

டிசம்பர் 19, செவ்வாய்

மதுரை கண் ஆஸ்பத்திரி. கூட்டம். டாக்டர் என் மகள் வயதுப் பெண். அவள் வைத்த பலகையில் எழுத்து வேறு மாதிரி இருந்தது. முதல் வரியிலேயே நின்றுவிட்டேன்.

வலது கண்ணில் புரை முற்றியிருக்கிறதாம், எடுத்தால் தெரியுமாம். இடது கண்ணில் பிரஷர் ஏறி நரம்பு போய்விட்டதாம். “இது ஒரு நாள்ல வந்ததில்ல ஐயா. வருசக்கணக்கா இருந்திருக்கும். போனது திரும்ப வராது. மிச்சத்தக் காப்பாத்தச் சொட்டு மருந்து ஆயுசுக்கும் போடணும். என்ன வேல பாக்குறீங்க?”

பஞ்சவர்ணம் என்னைப் பார்த்தாள். “ரிட்டயர்டு” என்றேன்.

டிசம்பர் 27, புதன்

ஆபரேஷன் முடிந்தது. எழுதக் கூடாது என்கிறார்கள். எழுதிவிட்டேன்.

ஜனவரி 9, செவ்வாய்

வலது கண் தெளிந்துவிட்டது. வெள்ளை இவ்வளவு வெள்ளையா என்று இருக்கிறது. வாசல் பல்பு கண்ணைப் பறிக்கிறது. பஞ்சவர்ணத்தின் முன்தலை முழுக்க நரைத்துவிட்டது. எப்போது நரைத்தது என்று கேட்க வாயெடுத்து, கேட்கவில்லை.

வண்டியை நவநீதன்தான் ஓட்டுகிறான். அவன் ஜீப்பை அவன் மச்சான் எடுத்துக்கொண்டானாம். என் ஜீப்பின் கிளட்சை அவன் மிதிக்கிற மிதி எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு வருடம் வர வேண்டிய பிளேட் ஆறு மாதம்தான் வரும். சொன்னேன். “சரிங்கண்ணே” என்றுவிட்டு அதே மாதிரி மிதித்துக்கொண்டு போனான்.

ஜனவரி 12, வெள்ளி

கமருதீன் கடைக்குப் போனேன். அவன் எழுந்து ஸ்டூலை இழுத்துப் போட்டான். உட்கார்ந்தேன். டீ வாங்கிக் கொடுத்தான். டீ மட்டம். குடித்தேன்.

ஜனவரி 29, திங்கள்

இந்த வருடப் பறிப்புக்குக் கடைசி வாரம். நானும் வருகிறேன் என்று சொல்லி முன்சீட்டில் ஏறினேன். ஒச்சம்மா பின்னால் போய்விட்டாள்.

மூட்டம் துளிகூட இல்லை. முந்தலிலிருந்து பார்த்தால் மலை மொத்தமும் தெரிந்தது. ஒவ்வொரு வளைவாக ஏறினோம். பதினொன்றாவது வளைவில் நிறுத்தச் சொன்னேன்.

அங்கே ஓரச்சுவர் கிடையாது. பதினைந்து இருபது அடி நீளத்துக்கு இடிந்து, சிவப்பு ரிப்பன் கட்டிய இரண்டு கம்பு மட்டும் நட்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. கீழே, ரொம்பக் கீழே, முந்தலின் தகரக் கூரைகள் தெரிந்தன.

“இது எப்ப விழுந்தது?” என்றேன்.

“ஐப்பசி மழையிலண்ணே” என்றான் நவநீதன்.

ஐப்பசியிலிருந்து இந்த இடத்தில் எத்தனை தடவை ஏறி இறங்கியிருப்பேன்? இங்கே ஒரு சுவர் இருக்கிறது என்று நினைத்துத்தான் ஒவ்வொரு தடவையும் ஓரங்கட்டினேன். இறங்கி அந்தக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒச்சம்மா பின்னாலிருந்து, “போதும் ஏறுங்கண்ணே, அங்கிட்டு நிக்காதீக” என்றாள். அதே குரல். நான் மூன்று வாரம் ஏசின குரல்.

எஸ்டேட்டில் அவர்கள் இறங்கும்போது நான் வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். ஏதோ சொல்ல வேண்டும் என்றுதான் வந்தது. மன்னிப்பு என்கிற வார்த்தை எனக்கு வரவில்லை; நான் அதைப் பேசிப் பழகியதில்லை. கடைசியில் ஒச்சம்மாவிடம் கேட்டேன்:

“இவுக பேரெல்லாம் என்ன?”

அவள் சிரித்துவிட்டாள். “ஆறு வருசமா ஏத்திட்டு வாரீக. இன்னைக்குத்தேன் கேக்குறீகளா?” என்றாள். மற்றவர்களும் சிரித்தார்கள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே ஒவ்வொருத்தியாகச் சொல்லிவிட்டு ஏலச்செடிகளுக்குள் போனார்கள். ஒரு கண்ணால் ஒவ்வொரு முகத்தையும் பார்த்து வாங்கிக்கொண்டேன்.

மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

ஒச்சம்மா. காமுத்தாய். வீருசின்னம்மாள். முருகாயி. பேச்சியம்மாள். சீலையம்மாள். மொக்கத்தாய். வேலுத்தாய். இன்னொரு பேச்சியம்மாள்; இவள்தான் அன்றைக்கு “தெரியும்ணே” என்றவள்.